ஆயுத பூசை விளக்கு

ஜொகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார் கதவுப் பூட்டுக்கான இன்ஃப்ராரெட் சென்சார் செய்கிறோம். கைப்பிடியை நோக்கிக் கை நெருங்கினால் அது உணர்ந்து பூட்டைத் திறந்துவிடும். ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்துச் சோதிப்பது என் வேலை. உணர்வு குறைந்ததை மெஷின் ஒதுக்கிவிடும்.

ஆயுத பூசையன்று மெஷினுக்குப் பொட்டு வைத்து, பக்கத்திலேயே விளக்கேற்றினோம். வருஷா வருஷம் செய்வதுதான். ஆனால் அந்த வருஷம் ஆர்டர் அவசரம் என்று, பூசை முடிந்த கையோடு மெஷினை ஓட்டச் சொன்னார்கள். எரிகிற விளக்கை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான்.

அன்று ஒன்றுகூட ஒதுங்கவில்லை. சாமி புண்ணியம் என்றார்கள். மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. விளக்குச் சுடரிலும் இன்ஃப்ராரெட் இருக்கிறது. மெஷின் அதையும் சேர்த்து அளந்து, உணர்வு குறைந்ததையும் தேற விட்டிருக்கிறது. சூப்பர்வைசரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"லாரி போயிருச்சுலா. சாமி விளக்கு மேலயா பழி போடுறீங்க?" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் அவருக்கு மேலே யாரிடமும் போகவில்லை.

போன வாரம் தங்கச்சி புதுக் கார் வாங்கி எனக்குக் காட்ட வந்தாள். இறங்கியதும் அது தானாகப் பூட்டிக்கொண்டது. கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனாள். திறக்கவில்லை. மறுபடி கொண்டுபோனாள். அப்போதும் திறக்கவில்லை.

"சில நேரம் இப்படித்தான் பண்ணும்ணே" என்று சிரித்தாள்.

உச்சி வெயில். பின்சீட்டில் அவள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.