வராண்டாவுக்கு வந்த பேப்பர்கள்

போன வாரம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். சூளகிரி பக்கம். வீட்டுக்குள் தெலுங்கில் அழுதார்கள். பந்தலில் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். ஓசூர் கம்பெனிகளிலிருந்து போன நாங்கள் நாலைந்து பேர் ஓரமாக நின்றோம்.

உறவுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "நீங்க அம்மாவுக்கு என்னா வேணும்?"

என்ன சொல்வது? தம்பியா? இல்லை. கூட வேலை பார்த்தவனா? அதுவும் இல்லை. கடைசியில், "வாசகன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இறந்தவர் ரத்னம்மா மேடம். ஓசூரில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எனக்குக் கூச்சம் அதிகம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். ஆனால், ஒரு காலத்தில் என் குரலைக் கேட்டு ஒரு நூலகமே நடுங்கியது — நம்புவீர்களா?

எழுபதுகளின் கடைசி. மத்தூர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஹெல்பர் வேலைக்கு வந்திருந்தேன். ஒரே ரூமில் ஆறு பேர். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூக்கம். லைட்டைப் போட்டால் தூங்குகிறவன் திட்டுவான். பேப்பர் படிக்க வேண்டுமென்றால் நூலகம்தான் கதி.

நான் அஞ்சாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பது என்றால் கத்துவது. மனசுக்குள் படிக்கிற வித்தையை ஆறாம் வகுப்பில் சொல்லித் தருவார்களோ என்னவோ... நான் அதுவரை போகவில்லை. வாயை மூடினால் எழுத்து உள்ளே இறங்காது. போதாததற்கு எட்டு மணி நேரம் மிஷின் சத்தத்தில் நிற்கிற காது. நான் முணுமுணுக்கிறேன் என்று நினைத்தது, வெளியே சைக்கிள் நிறுத்துகிறவனுக்கும் கேட்டிருக்கிறது!

ஒருநாள் எதிரே இருந்தவர் மேஜையில் அடித்தார். ரிட்டயர்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எல்லோருக்கும் ஆர்.ஐ. சார்.

"யோவ், இது என்னா நூலகமா, சந்தையா? குந்தாரப்பள்ளியில மாடு விக்கறவன்கூட இவ்ளோ கத்த மாட்டான்யா!"

எனக்குக் காது சுட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது.

"எங்க கிளம்பிட்டீங்க?" மேடத்தின் குரல். "பாதிதானே ஆச்சு? முழுசா படிச்சிட்டுப் போங்க." தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

அப்படித்தான் மேடம். ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு வருகிறவனிடம், கையைக் கழுவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். அவ்வளவுதான். உழவர்களோடு கன்னடம், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். மூன்றிலுமே யாரையும் விரட்டத் தெரியாதவர்.

என்னைப் பார்த்து என்னைப் போலவே இன்னும் சிலர் சேர்ந்தார்கள். ஸ்டூல் போய் பெஞ்சு வந்தது. ரூம்மேட் மாரியப்பனும் வந்தான், திருநெல்வேலிக்காரன். அவன் படித்தால் விளம்பரம்கூட மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆர்.ஐ. சார் பொறுப்பாரா? மேலே மனு போட்டுவிட்டார். விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது.

மாரியப்பன்தான் சொன்னான்: "மேடம், நாங்க அன்னைக்கி வரல. உங்களத் தூக்கி வேற ஊருக்குப் போட்டுட்டாங்கன்னா?"

"நீங்க வராட்டிதான் ஆபத்து. காலி பெஞ்சைக் காட்டி நான் என்னா சொல்றது? ஒருத்தரும் மட்டம் போடக்கூடாது!"

அதிகாரி வந்தார். ஆர்.ஐ. சார் நேராக என்னைக் கை காட்டினார். "இந்த ஆளுதான் சார்."

"எங்கே, படிங்க பார்ப்போம்" என்றார் அதிகாரி.

பேப்பரை விரித்தேன். எழுத்தெல்லாம் நீந்தியது. வாயைத் திறந்தேன்... காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். அதுவும் இல்லை.

அதிகாரி சிரித்துவிட்டார். "இவரா கத்துறாரு? இவரு மாதிரி அமைதியா எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்லையே!"

"சார், நடிக்கிறான் சார்!" ஆர்.ஐ. சார் கொதித்தார்.

அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். மேடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனு பொய், வேலை பத்திரம். நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்?

"மனுவுல இருக்கறது நிஜம் சார்" என்றார் மேடம். "இவர் சத்தமாத்தான் படிப்பாரு. உங்களப் பார்த்து பயந்துட்டாரு. சத்தம் போட்டாதான் இவருக்கு மண்டையில ஏறும். வாயை மூடச் சொன்னா மூடிக்குவாரு. ஆனா நாளைக்கி வரமாட்டாரு."

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். சுவரில் இருந்த 'அமைதி' போர்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ஹாலுக்குள்ள அமைதி இருந்தே ஆகணும். அதை நான் மாத்த முடியாதும்மா."

"வெளிய வராண்டாவுல சார்?"

அவர் ஃபைலை மூடினார். "அங்க போர்டு ஏதும் நான் பார்க்கலையே" என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், வராண்டாவில் எங்கள் பெஞ்சு. பெஞ்சு மட்டுமா? அத்தனை பேப்பரும் வராண்டாவில்! உள்ளே வெறும் புத்தகம். ஆர்.ஐ. சார் உள்ளே போனார், வெளியே வந்தார்.

"என்னம்மா இது, அநியாயமா இருக்கு?"

"உள்ள பாருங்க சார், ஊசி விழுந்தா கேக்கும். நீங்க கேட்ட மாதிரியே."

பேப்பர் இல்லாமல் அவரால் இருக்க முடியுமா? முணுமுணுத்தபடி எங்கள் நடுவிலேயே உட்கார்ந்தார். நாங்கள் ஒரு ஊர்ப் பேரைத் தப்பாகப் படித்தால் போதும், சீறிக்கொண்டு திருத்துவார். அப்படியே ஓடியது இரண்டு மூன்று வருஷம்.

பிறகு கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. கண்ணில் புரை, ஆபரேஷன் என்றார்கள். ஒருநாள் காலை கறுப்புக் கண்ணாடியோடு பேரன் கையைப் பிடித்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேப்பரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி... தலையங்கத்தைப் படி. கொஞ்சம் சத்தமா."

ஜன்னல் வழியாக மேடம் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா! உள்ள ஆளுங்க படிக்கறாங்க" என்றார்.

மேடம் சொல்லி நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.