குடைவுக்குள் போகாத ஆள்

என் வீட்டுக்காரர் சகாய ஆனந்தை நான் கோழை என்று திட்டியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ஒரு வாரம் முழுக்க. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற டீச்சர் நான். எனக்கு அது ஆகாது.

வரதராசன்பேட்டையில் அவர் மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் எது விழுந்தாலும், குடமோ, செல்போனோ, கல்யாணப் பெண்ணின் சங்கிலியோ, "ஆனந்தைக் கூப்புடு" என்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவார், எடுத்துக்கொண்டு வருவார். கூலி கேட்கக் கூச்சப்பட்டு ஈரத்துணியோடு வீடு திரும்புவார். அந்தக் கூச்சத்துக்காக நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

முப்பத்தெட்டு வயதில் மூச்சு பழையபடி நிற்கவில்லை. அந்தச் சமயம் லப்பைக்குடிகாட்டு நிஜாமுதீன் பாய் துபாயிலிருந்து ஊரோடு வந்துவிட்டார். அங்கே கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை. முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர், வாயில் கடிக்கிற குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் இவரிடம் கொடுத்துவிட்டு, "படிச்சுட்டு எறங்குங்க ஆனந்த். சும்மா மாட்டிக்கிட்டு எறங்குனீங்கன்னா அல்லா மேல ஆணையா வந்து புடுங்கிட்டுப் போயிருவேன்" என்றார்.

இவரும் புதுச்சேரி போய் நாலு நாள் கடலில் பயிற்சி எடுத்து, போட்டோ ஒட்டிய ஒரு அட்டையோடு வந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன் அந்த அட்டையை பைபிளுக்குள் வைத்திருந்தார். சிலிண்டரில் காற்று நிரப்பவும் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் தகராறு.

"கேஸ் சிலிண்டரெல்லாம் ஏத்தக்கூடாதுங்க" என்பார் கண்டக்டர்.

"கேஸ் இல்லீங்க, வெறும் காத்து."

"காத்தைப் புடிக்கவா புதுச்சேரி போயிட்டு வரீங்க? நம்மூர்ல இல்லாத காத்தா?"

பஸ்ஸே சிரிக்கும். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இனி என் அண்ணன் பிலவேந்திரன் கதைக்கு வருகிறேன். அப்பா செத்த பிறகு என்னை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தவன் அவன்தான். அவன் நில் என்றால் நிற்பேன், உட்கார் என்றால் உட்காருவேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆலத்தியூர் தாண்டி அவனுக்கு நிலம். ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தான். கிணற்றின் அடியில், ஊற்றைத் தேடிப் பக்கவாட்டில் வெடி வைத்துத் தோண்டிய ஒரு பொந்து உண்டு. அதைக் குடைவு என்பார்கள். கோடையில் தண்ணீர் அடியோடு போனபோது, ஊற்றுக்கண் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற மோட்டாரைக் குடைவுக்குள் தள்ளி வைத்துவிட்டான். அப்புறம் மழை வெளுத்து வாங்கியது. கிணற்றில் முப்பதடி தண்ணீர். மழை ஓய்ந்து, வெங்காயத்தில் காய் இறங்குகிற நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஓஸைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. உள்ளே எங்கேயோ பாறையில் மாட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் போன் போட்டான். மறுநாள் காலை நாங்கள் போனோம். இவர் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார், குடைவின் வாய் வரைக்கும் போய்ப் பார்த்தார், மேலே வந்தார்.

"உள்ள போக மாட்டேன் மச்சான்."

அண்ணனுக்குப் புரியவில்லை. "ஏன் மாப்ள? அதான் லைசன்ஸ் இருக்குல்ல?"

"டூவீலர் லைசன்ஸ வச்சுக்கிட்டு லாரி ஓட்டலாமா மச்சான்? எனக்குக் குடுத்தது தலைக்கு மேல திறந்த தண்ணி இருக்கற எடத்துக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா நேரா மேல வந்துரலாம். குடைவுக்குள்ள மேல பாறை. அதுக்கு வேற படிப்பு இருக்கு, வேற சாமான் இருக்கு, வருசக்கணக்குல பழகணும். நான் நேத்துப் படிச்ச ஆளு."

"சிலிண்டர் இல்லாமயே முங்கி எடுத்த ஆளுய்யா நீ!"

"அதனாலதான் பயமா இருக்கு. கெணத்துல முங்கறவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். மூச்சு முட்டுச்சுன்னா தரையில ஒரு ஒதை ஒதைச்சு மேல வந்துருவான். அந்தப் புத்திய உள்ள போயி மாத்திக்க முடியாது. ரெண்டு என்ஜினை வாடகைக்கு எடுத்து எறைச்சுருவோம். தண்ணி வெங்காயத்துக்குத்தானே பாயப்போவுது?"

"சித்திரை வரைக்கும் வச்சுக் குடிக்கவேண்டிய தண்ணியை நாலு நாள்ல எறைக்கச் சொல்றியா? ஊர்ல என்ன பேசுவான்? வூட்டு மாப்ளயே முங்கறவன், இவன் என்ஜின் வைக்கிறாம்பான்!"

அண்ணன் முகம் சிவந்து போய்விட்டது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. பஸ் ஏறியதும் ஆரம்பித்தேன். "எவன் எவனுக்கோ முங்குவீங்க, எங்கண்ணன்னா மட்டும் ரூல் பேசுவீங்களோ?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அது ஒரு வாரம் ஓடியது. தட்டை வைக்கிற சத்தத்திலேயே என் கோபம் அவருக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் வாய் தவறி அல்ல, தெரிந்தே சொன்னேன்: "நீங்க பயந்தாங்கொள்ளிங்க. ஒத்துக்கிட்டுப் போங்களேன்."

"ஆமா லீலா, பயம்தான்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியதும் அண்ணன் வேறு வழியில்லாமல் என்ஜின் எடுத்தான். கிணற்றுப் படியில் கட்டி இறக்கி ஓட்டியது எல்லாம் இவர்தான். நாலு நாள் அங்கேயே கிடந்தார். வெங்காயம் நனைந்து, பக்கத்துக் காட்டு மக்காச்சோளமும் நனைந்தது. ஐந்தாம் நாள் காலை நானும் போனேன். குடைவின் வாய் தெரிந்தது. முழங்கால் அளவுதான் தண்ணீர். அண்ணன் கயிற்றோடு இறங்கி உள்ளே நடந்து போனான். கொஞ்ச நேரத்தில் மோட்டாரைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"யோவ் மாப்ள! மொத்தமே பன்னெண்டடிதான்யா! எங்க பசுமாடுகூட உள்ள போயிட்டு வந்துரும்யா! இதுக்கா கெணத்தையே எறைக்க வச்ச?"

மேலே நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவர் பக்கத்தில் போய், "கேட்டீங்களா? பன்னெண்டடியாம்" என்றேன்.

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ராசாங்கம் கெணத்துல எட்டடிதான் லீலா."

ராசாங்கம் ரெட்டிபாளையத்துக்காரர். புதுச்சேரியில் பயிற்சி முடித்து வந்த இரண்டாம் மாதம் அவர் கிணற்றில் இவர் இறங்கியது எனக்குத் தெரியும்.

"எட்டிப் பாத்துட்டு வந்துரலாம்னு உள்ள போனேன். உள்ள ரூம் மாதிரி விரிஞ்சுது. திரும்பறப்ப கால் பட்டு சேறு கெளம்பிருச்சு. டார்ச்சைக் கண்ணாடியில வச்சு அமுக்கினாலும் வெளிச்சம் தெரியல. பயத்துல பழைய புத்தி வந்து தரைய ஒதைச்சேன். பாறையில மண்டை இடிச்சுது. மறுபடியும் ஒதைச்சேன். மறுபடியும் இடிச்சுது. அப்புறம் சுவத்தைத் தடவிக்கிட்டே சுத்துனேன். எட்டடி தாண்டி வெளிய வர பதினோரு நிமிசம் ஆச்சு. காத்து அளவு காட்டற முள்ளு செவப்புக்கு வந்துருச்சு."

சேசுவே! அன்றைக்குச் சாயங்காலம் அவர் தலையில் வீங்கியிருந்தது. பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றார். கண் எங்கே போச்சு என்று திட்டிக்கொண்டே நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

"ஏன் சொல்லல? ஒரு வாரமா அந்தத் திட்டு திட்டுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ உங்கண்ணன்கூட சண்டைக்குப் போயிருப்ப. உனக்குன்னு இருக்கறது அந்த ஒரு அண்ணன். என்கூட சண்டை போட்டா பரவால்ல, நான் எங்க போயிரப் போறேன்?"

கீழேயிருந்து அண்ணன் மறுபடி கத்தினான். "கயித்த இழு மாப்ள! இல்ல அதுக்கும் பயமா இருக்கா?"

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத என் அண்ணனை, ஊர்க்காரர்கள் நிற்க, வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். அழுதுகொண்டேதான் திட்டினேன். அவன் அடியில் நின்று ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தான். இவர் என் தோளைப் பிடித்து, "விடு லீலா, விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.