களிம்புக்காரியின் இடது கை

தாகேதா சந்தையில் முகக்களிம்பு விற்ற அந்தப் பெண்ணின் வலது கை கறுப்பு. இடது கை மட்டும் மணிக்கட்டு வரை வெளிறியிருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் களிம்பை அந்தக் கையில்தான் தடவிக் காட்டுவாள். தன் கன்னத்தில் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போல, ‘தனக்கா’ என்கிற மரப்பட்டைச் சாந்துதான் பூசியிருப்பாள்.

என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த சமயம் நானும் போனேன். "ரோமாபுரி ராணிங்க பூசினது அக்கா, டப்பாவுல படம் பாருங்க" என்றாள். ரோமானியப் பெண்கள் ஈய வெள்ளையை முகத்தில் பூசி உடம்பைக் கெடுத்துக்கொண்டதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அது அந்தக் காலம் என்று நினைத்து மூன்று டப்பா வாங்கினேன்.

பூசத் தொடங்கிய ஐந்தாம் மாதம் மகளுக்கு முகமும் காலும் வீங்கின. களிம்பில் பாதரசம், சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார் மருத்துவர். சண்டை போடத்தான் சந்தைக்குப் போனேன்.

அவள் முழுவதும் கேட்டாள். "பாப்பாவுக்கா? நான் தினம் பூசுறேனே அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். சொல்லிக்கொண்டே கையிலிருந்த டப்பாவை மூடப் பார்த்தாள். விரல்கள் நடுங்கின, மூடி உட்காரவே இல்லை. "காலையில சாப்பிடல, அதான்" என்று சிரித்தாள்.

நான் அதை வாங்கி இறுக மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். படியேறும்போதெல்லாம், களிம்புக்காரியின் அந்த நடுக்கம் பசியால் இல்லை என்று அவளுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.