ஆட்டோ தாத்தா சொன்ன பதில்

தென்காசியில் ரயிலடிக்குப் பின்னால் உள்ள தெருவில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோவில். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு அங்கே பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு நடக்கும். நடத்துகிறவள் ஆனந்தவள்ளி. ஆலங்குளம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, போலீஸில் முப்பத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷனில் ரைட்டர் வேலை. வருகிறவர்கள் அழுதுகொண்டு சொல்வதையும் ஆத்திரத்தில் கத்துவதையும் வாக்குமூலமாக எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலை. அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எந்த அதிகாரி மாற்றலாகி வந்தாலும் முதல் வாரத்திலேயே அவள் பெயரைத் தெரிந்துகொண்டுவிடுவார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு மடத்தின் அஞ்சல்வழி வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு வருஷம் காலையில் சமையல் முடிந்ததும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். பரீட்சையில் நல்ல மார்க். சான்றிதழைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டிய பிறகுதான் கோவிலில் வகுப்பைத் தொடங்கினாள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

அவள் புருஷன் வேல்ராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தூரத்துத் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வருவதும், வகுப்பு முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவர் பொறுப்பு. ஐந்தைந்து பேராக இரண்டு நடை. ஐந்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பெண்டாட்டி உத்தரவு போட்டிருந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சிவன் பார்வதி கல்யாணக் கதையை ஆனந்தவள்ளி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தி முதலில் பிள்ளையாரைப் பூஜை செய்தார்கள் என்று சொன்னதும், முன்வரிசையிலிருந்து ஸ்வாதி கையைத் தூக்கினாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண்.

"டீச்சர், பிள்ளையார் அவங்க ரெண்டு பேருக்கும் மகன்தானே?"

"ஆமா."

"அப்போ அவங்க கல்யாணத்துல அவர் எப்படி இருந்தார்? பொறக்கவே இல்லையே."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனந்தவள்ளிக்குப் பாடத்தில் இருந்த பதில் தெரியும். "பிள்ளையாருக்கு ஆதியும் கிடையாது, அந்தமும் கிடையாது. அவர் எப்பவும் இருக்கார்."

"பார்வதி தேச்சுக் குளிச்ச மஞ்சளை உருட்டிப் பிள்ளையார் செஞ்சாங்கன்னு போன வாரம் சொன்னீங்களே டீச்சர்?"

"ஏட்டி, சாமி விஷயத்துல குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாது. நோட்டை எடுத்து எழுது."

ஸ்வாதி எழுதினாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் ஆனந்தவள்ளி நினைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குள் நுழையும்போதே ஒரே இரைச்சல். "நான் பொறந்தப்போ பெருமழையாம், அம்மா சொல்லுதா. அப்பா வெயில்ல ஓடிவந்தேன்னு சொல்லுதாவ!" என்று ஒரு பெண் கத்துகிறாள். அஸ்வத் தன் கதையைச் சொல்கிறான். அவனுக்குப் பேர் வைத்தது அத்தை என்று அப்பா சொன்னாராம், தான்தான் என்று அம்மா சண்டைக்கு வந்தாளாம். பத்துப் பேரும் வீட்டில் தாங்கள் பிறந்த கதையை அப்பாவிடம் தனியாக, அம்மாவிடம் தனியாகக் கேட்டு வந்திருந்தார்கள். ஒருவர் கதையும் ஒத்துப்போகவில்லை.

"யாரு கேக்கச் சொன்னா இதையெல்லாம்?"

"ஆட்டோ தாத்தா!" என்றாள் ஸ்வாதி. "போன வாரம் வண்டியில போறப்போ கேட்டோம். ஒங்க வீட்டுல நீங்க பொறந்த கதையே ரெண்டு விதமா இருக்கு. பிள்ளையார் பொறந்த கதை ஊரு ஊராச் சொன்னது, அது மட்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? ஆனா நீங்க பொறந்தது நெசந்தானேன்னு கேட்டாங்க."

அன்று என்ன பாடம் நடத்தினாள் என்று ஆனந்தவள்ளிக்கே தெரியாது. வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் முகம் மலர்ந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்க்கும்போது ஒரு நாளும் அப்படி மலர்ந்ததில்லை.

இந்த வேதனை அவளுக்குப் புதிதல்ல. மகன் இசக்கிமணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாரல் வந்தால் போதும், அவளுக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து. மெயினருவியில் பெண்கள் பக்கம் நாளெல்லாம் விசில் ஊதிக்கொண்டு நிற்பாள். சேலைத் தலைப்பை விட்டுவிட்டு அலறுகிறவளையும் வழுக்கி விழுகிறவளையும் பிடித்து நிறுத்துவாள். ஈரச் சீருடையோடு வீடு திரும்பினால் பிள்ளை அப்பா மடியில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பான். அவள் கையை நீட்டினால் அப்பாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். இப்போது பட்டாளத்தில் அஸ்ஸாமில் இருக்கிறான். அவள் போனை எடுத்தால், "சாப்ட்டியாம்மா? அப்பா இருக்காங்களா, குடு" என்பான். வேல்ராஜ் போனை வாங்கி அரைமணி நேரம் சிரிப்பார். அவள் பக்கத்தில் நின்று ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடிப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வேல்ராஜிடம் எதுவும் கேட்கவில்லை. காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். "சீசன் ஆரம்பிச்சுட்டுல்லா. சனிக்கிழமை குற்றாலம் ஸ்டாண்டுலேயே கெடங்க. பிள்ளைங்களைப் பக்கத்துத் தெரு மன்சூர் வேன்ல வரச் சொல்லிட்டேன்."

வேல்ராஜ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "ரெண்டு நடைதான வள்ளி. எனக்கு அதுல ஒரு சிரமமும் கெடையாது."

"உங்க சிரமத்தைப் பாத்துத்தான் சொல்லுதேன்."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். அந்த மனுஷன் சண்டைக்கு வராததும் அவளுக்கு எரிச்சல்தான்.

மன்சூரின் வேனில் பாட்டு சத்தமாக ஓடும். கேள்வி பதிலுக்கு இடமில்லை. வகுப்பிலும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. சொன்னதை எழுதினார்கள், எழுதியதை ஒப்பித்தார்கள். முதல் வாரம் எட்டுப் பேர். அடுத்த வாரம் ஆறு. ஆடி பிறந்தபோது நாலு பேர். ஸ்வாதி மட்டும் தவறாமல் வந்தாள், ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆட்டோ தாத்தாவுக்கு மேலுக்குச் சரியில்லையா டீச்சர்?" என்று ஒரு நாள் கேட்டாள். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஆனந்தவள்ளி வெடுக்கென்று சொல்லிவிட்டு, சொன்ன தொனிக்காக வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வருந்தினாள்.

வகுப்பு கையைவிட்டுப் போகிறது என்று புரிந்ததும், ஆவணியில் கூட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் மன்சூர் வேனில் குற்றாலநாதர் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். பழைய பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்பியதில் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். அருவியின் இரைச்சல் பிரகாரம் வரைக்கும் கேட்டது. தரிசனம் முடிந்து ஓரமாக உட்கார வைத்துக் கதை சொன்னாள். கைலாசத்தில் சிவன் கல்யாணம். பார்க்க உலகமே அங்கே போய்விட்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது. அதைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே வந்தார். அப்போது இந்தக் கோவிலில் இருந்தவர் பெருமாள். அவர் தலையில் அகத்தியர் கைவைத்து அமுக்க, நின்ற கோலம் குறுகி லிங்கமானது.

ஸ்வாதியின் கை பாதி உயர்ந்து, மறுபடி இறங்கியது. அதை ஆனந்தவள்ளி பார்த்துவிட்டாள்.

"கேளு, பரவாயில்லை."

"திட்ட மாட்டீங்களா?"

"மாட்டேன். கேளு."

"எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. பெருமாள்தான் பொண்ணோட அண்ணன், அவர்தான் தாரை வாத்துக் குடுத்தார்னு முந்தியே சொன்னீங்க. அவர் அங்க தாரை வாத்தா, இங்க அகத்தியர் அமுக்குனது யாரை?"

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பத்து முகங்களும் அவளையே பார்த்தன. திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தன என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்டேஷனில் முதல் நாள் வந்து நிற்கிற சாட்சிகளும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

"எனக்குத் தெரியலை" என்றாள். முப்பத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் அவள் அதிகம் சொல்லாத வார்த்தை. பிறகு தானாகவே பேச்சு வந்தது.

"ரொம்ப வருஷத்துக்கு முந்தி, இலஞ்சி போற வழியில ஒரு பஸ்ஸும் பைக்கும் மோதிட்டு. பைக்குல வந்த குழந்தைக்குத் தலையில அடி. பாத்த ஏழு பேருகிட்ட நான்தான் வாக்குமூலம் எழுதுனேன். ஒருத்தர் பைக்கு கறுப்புங்காரு, இன்னொருத்தர் செவப்புங்காரு. ஒருத்தர் மழை பெஞ்சுதுங்காரு. ஒருத்தர் தூறக்கூட இல்லைங்காரு. ஆனா ஏழு பேரும் ஒண்ணு சொன்னாங்க. ரோட்டுல போன ஒரு பொம்பளை குழந்தையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா."

"குழந்தை பொழைச்சிதா?" அஸ்வத் கேட்டான்.

"பொழைச்சிட்டு. அந்த வேலையில நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். ஏழு பேரும் எழுத்துப் பிசகாம ஒரே மாதிரி சொன்னா, அவங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். முன்னப்பின்ன இருந்தா, ஒவ்வொருத்தரும் தான் நின்ன எடத்துலேருந்து பாத்தாங்கன்னு அர்த்தம். இந்தக் கதையும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கேன். கைலாசத்துக் கதையைச் சொன்னவங்க வேற. குற்றாலத்துக் கதையைச் சொன்னவங்க வேற. ரெண்டு பேரும் கலந்து பேசலை."

ஸ்வாதி யோசித்தாள். "ஏழு பேரும் சொன்ன அந்தப் பொம்பளை மாதிரி, இதுல எல்லாரும் சொல்லுதது எது டீச்சர்?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். எல்லாக் கதையையும் எழுதி வச்சுக்கிட்டுப் பாருங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் பக்கத்துப் பையனின் விலாவில் இடித்தான். ஸ்வாதிக்கு அடக்க முடியவில்லை.

"டீச்சர், இது ஆட்டோ தாத்தா சொன்னது! பஸ்ஸு, பைக்கு, ஏழு பேரு, எல்லாம் சொல்லியிருக்காங்க!"

ஆனந்தவள்ளி எழுந்துவிட்டாள். அந்த விபத்தன்று வீட்டுக்குப் போய், சோறு இறங்காமல், புருஷனிடம் சொல்லி அழுதது அவள். அவள் கண்ணால் பார்த்த ரத்தம், அவள் கையால் எழுதிய ஏழு வாக்குமூலம். அதையும் எடுத்துக்கொண்டுபோய் ஆட்டோவில் வைத்துப் பிள்ளைகளை மயக்கியிருக்கிறார்.

"அது என் கேசு" என்றாள். "அவர் அங்க நிக்கக்கூட இல்லை. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்."

"ஆமா, அப்படித்தான் சொன்னாங்க" என்றாள் ஸ்வாதி சாதாரணமாக. "ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க, இது ஒங்க டீச்சர் எனக்குச் சொன்னது, அவகிட்டயே கேளுங்க, அவ இன்னும் நல்லாச் சொல்லுவான்னு."

"பெறகு ஏன் என்கிட்டக் கேக்கலை?"

ஸ்வாதி தலையைக் குனிந்துகொண்டாள். அஸ்வத்தான் சொன்னான். "தாத்தா சும்மா சொல்லுதாங்கன்னு நெனச்சோம் டீச்சர். நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்கல்லா."

ஆனந்தவள்ளி பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த பனங்கற்கண்டைப் பங்குபோட்டாள். போலீஸ் வேலையில் கெட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். தன்னை இத்தனை பேர் முன்னால் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரைத் தான் விரட்டிவிட்டதை நினைத்துக் கூசினாள். ஆனாலும் பொறாமை போய்விடவில்லை. தன்னிடமிருந்து வந்தது தன் வாயில் அதட்டலாகவும் அவர் வாயில் கதையாகவும் ஆகிவிடுவது ஏன் என்ற ஆத்திரம் அப்படியே இருந்தது. அதைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும்.

கோவில் வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு. வேல்ராஜ் அன்றும் சவாரிக்காக அங்கே வண்டிக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் "தாத்தா!" என்று ஓடினார்கள். அவர் எழுந்துவிட்டார், ஆனால் கண் பெண்டாட்டியைப் பார்த்தது, பேசலாமா என்று கேட்கிற மாதிரி.

ஆனந்தவள்ளி கிட்டே போனாள். "சனிக்கிழமையிலேருந்து நீங்களே கூட்டிட்டு வாங்க. மன்சூர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"சரி."

"இலஞ்சி கேசை ஏன் எடுத்துச் சொன்னீங்க?"

"நல்ல கேசுல்லா" என்றார். "இசக்கிமணிக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஒங்கம்மா எப்பேர்ப்பட்ட வேலை பாக்கான்னு அவனுக்குத் தெரியணும்லா. இன்னைக்கும் போன்ல அம்மா கதை ஏதாவது சொல்லுங்கங்கான்."

அவள் சட்டென்று அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதை என்கிட்டக் கேட்டா என்ன?"

"கேட்டா நீ அதட்டுவியோன்னு பயம் அவனுக்கு."

அடுத்த சனிக்கிழமை வேல்ராஜ் ஆட்டோவை எடுத்தபோது, ஆனந்தவள்ளி வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "எங்க?" என்றார். "பிள்ளைங்களைக் கூப்பிடத்தான். இனிமே நீங்க என்ன சொன்னாலும் என் காதுல விழுந்துதான் போகணும்." அவள் இடத்தை அடைத்துக்கொண்டதால் நாலு பிள்ளைகள்தான் ஏற முடிந்தது. இரண்டு நடை மூன்று நடையானது.

முதல் நடையிலேயே ஸ்வாதி இருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் முன்னால் எட்டி, "தாத்தா, அகத்தியர் குடத்துல பொறந்தார்னா குடத்துக்கு அம்மா யாரு?" என்று கேட்டாள். வேல்ராஜ் வாயைத் திறந்தார்.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் ஆனந்தவள்ளி. "அவ என்கிட்டத்தான் கேக்கா." ஸ்வாதியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "குடத்தை யாரு வனைஞ்சாங்கன்னு மொதல்ல பாப்பமா?" என்று ஆரம்பித்தாள்.