நாற்பது மடங்கு வேகம்

நைனார்பாளையம் பொன்னுரங்கத்தின் மகள் செந்தமிழ்ச்செல்வி உட்கார்ந்து வேலை செய்ததாக வரலாறு இல்லை. கொரோனாவால் சென்னை அலுவலகம் வீட்டுக்கே வந்துவிட்ட அந்த வருஷம், மடிக்கணினியை அரிசி டிரம் மேல் வைத்துக்கொண்டு ஒரு வரி அடிப்பார், கொல்லைவரை நடப்பார், திரும்பி வந்து அந்த வரியை அழிப்பார்.

அவர் எழுதியது ஹாஷ். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் கைரேகை போல ஓர் எண்ணைக் கக்கும் நிரல். அதை வேகமாக்கினால் அவருடைய வேலை ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். அங்கே சாலை மறியலில் அப்பா பஸ்ஸை நிறுத்திக்கொண்டிருக்க, இங்கே மகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தால் பழையதைவிட நாற்பது மடங்கு! மேனேஜர் அய்யப்பனுக்கு மெயில் பறந்தது. அவர் அதைச் சூடு ஆறும் முன் வாடிக்கையாளருக்குத் தள்ளிவிட்டார். மாலையில் கூட்டம்.

வெற்றி பெற்றவருக்கு நடை இன்னும் கூடியது.

“இன்னாடி, நடந்துக்கினே இருக்க?” என்றார் அம்மா அமிர்தம்.

“நெரலு வேகமா ஓடுதும்மா.”

“நல்லதுதான?”

“ரொம்ப ஜாஸ்தி. அதான் பயமா இருக்குது.”

தான் எழுதியதைக் கம்பைலர் எந்திர மொழியில் எப்படிப் பெயர்த்திருக்கிறது என்று திறந்து பார்த்தார். கோப்பைப் படிக்கும் வரிகள் இருந்தன. கைரேகை எடுக்கும் கணக்கை மட்டும் காணோம். விடையை அச்சிட்டால் நேரம் வீணாகும் என்று அந்த வரியை நீக்கியவர் இவரேதான். யாருக்கும் வேண்டாத விடையைக் கணக்கிடுவானேன் என்று கம்பைலர் மொத்த வேலையையும் தூக்கிப் போட்டிருந்தது.

“யாரும் பாக்கலன்னா செய்யாதாமா? நான் கழுவுற பாத்திரத்த இந்த வூட்ல எவன் பாக்குறான்? நான் நிறுத்துனனா?” என்றார், விஷயத்தைக் கேட்ட அமிர்தம்.

அச்சிடும் வரியைத் திரும்பச் சேர்த்து அளந்தார். பழையதைவிடக் கால் பங்குதான் வேகம் கூடியிருந்தது. அய்யப்பனுக்குப் போன் போட்டார்.

“சார், ஹாஷ் ஓடவே இல்ல சார்.”

“அவங்க மொதலாளி வரைக்கும் சேதி போயிடுச்சேம்மா! பேசாம வுட்டுட்டா?”

“அவங்க மெஷின்ல ஓட்டுனா தெரிஞ்சிடும் சார்.”

மாலைக் கூட்டத்தில் அய்யப்பன், “இதை எங்கள் செல்வி விளக்குவார்” என்று அறிவித்துவிட்டுத் தன் மைக்கை அணைத்து வைத்தார். செல்வி நடந்துகொண்டே விளக்கினார். பாதி புரிந்த வாடிக்கையாளர்கள், மீதியையும் விளக்க வேண்டுமென்றார்கள். விளக்க வேறு ஆள் இல்லாததால் ஒப்பந்தம் மூன்று மாதம் நீண்டது.

“வேல இருக்குதா, போச்சா?”

“இருக்குதும்மா.”

“அப்ப குந்து.”

குந்தினார். உடனே எழுந்தார். அந்தக் கால் பங்காவது நிஜந்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது.