அத்தை வீட்டுக்குக் கொண்டுபோன வீடு

அப்பாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்த வாரத்தில்தான் அத்தையின் கணவர் இறந்தார். அத்தை அப்பாவின் அக்கா. கொற்கைக்குப் போகும் வழியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன்தான் துக்க வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா பெங்களூரில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்ததால் ஒன்றுவிட்ட சித்தப்பா கொண்டுபோனார். அதற்குப் பிறகு போன் செய்தால் அத்தை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நேரில் போய் இரண்டு நாள் அக்காவோடு இருந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று அப்பா நம்பினார்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். எந்தச் சிக்கலையும் தேவைகளாகப் பிரித்து எழுதிக்கொள்வது வழக்கம். அப்பாவால் நெடுநேரம் உட்கார முடியாது, எனவே படுக்கை வேண்டும். ரயில் படி ஏற முடியாது. குந்தி உட்கார முடியாது, அத்தை வீட்டுப் பின்கட்டில் இருப்பதோ குந்தி உட்காரும் கழிப்பறை. இவை அனைத்துக்கும் ஒரே விடையாக வந்தது கேரவன். கட்டில், குளிர்சாதனம், அடுப்பு, மேற்கத்தியக் கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வாடகை வண்டி. ஓட்டுநரும் உண்டு.

வருகிறோம் என்று அத்தைக்கு முன்பே சொல்லியாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய நாள் அப்பா மறுபடி போன் செய்து அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "ஒனக்கு ஒரு சிரமமும் வேண்டாம்க்கா. படுக்கை, கக்கூஸ் எல்லாம் வண்டியிலயே இருக்கு." அத்தை "சரி" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு நிம்மதி என்று அப்பா எடுத்துக்கொண்டார். நானும்தான்.

சேலம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது, ஓடும் வண்டியில் படுப்பதும் வீட்டில் படுப்பதும் ஒன்றல்ல என்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மதுரைக்கு அப்புறம் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. கழிவுத் தொட்டியைக் காலி செய்ய இடம் கேட்டால் சாலையோர உணவகக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். கடைசியில் அத்தையின் தெருவுக்குள் வண்டி நுழையவே இல்லை. மின்கம்பிகள் அவ்வளவு தாழ்வு. ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் நிறுத்தினோம். சைக்கிளில் வந்த ஒருவர் ஓட்டுநரிடம், "ஷூட்டிங் எங்கன நடக்கு வே? கதாநாயகி யாரு?" என்று கேட்டார். உள்ளிருந்து அப்பா வாக்கரோடு இறங்கியதைப் பார்த்ததும் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

அத்தை வாசலில் நின்றாள். வாழ்நாள் முழுக்க "வாலே" என்று கூப்பிட்ட தம்பியை அன்று "வாங்க" என்றாள். கோடிக்குப் பதிலாக அப்பா கொண்டுபோயிருந்த சேலையை வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். இலை போட்டு, வாழைக்காய் பொரியலும் அவியலும் பரிமாறி, ஒவ்வொன்றுக்கும் "போதுமா?" என்று கேட்டாள். சம்பந்தி வீட்டாரைக் கவனிப்பதுபோல ஒரு குறையும் இல்லை. பொழுது சாயும் முன், "வண்டிக்குப் போறியளா?" என்று அவளாகவே கேட்டாள். இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல அப்பாவுக்கு ஆசை இருந்தது, இடுப்பு விடவில்லை. போனோம்.

காலையில் ஊர்க்காரர்கள் நயமாகவே சொன்னார்கள். வாய்க்கால் தண்ணீர் நேரே வயலுக்குப் போகிறது, வண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது என்றார்கள். தொட்டி நிரம்பும் நிலையில் இருந்தது. இரண்டாம் நாள் தங்குவதை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. விடைபெறும் முன் கை கழுவ நான் பின்கட்டுக்குப் போனேன்.

பழைய கழிப்பறைக் கதவு பெயிண்ட் வாசனையோடு திறந்திருந்தது. உள்ளே மேற்கத்தியப் பீங்கான். மூடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பக்கச் சுவரில் பிடித்து எழுவதற்கு ஒரு கம்பி, அதைச் சுற்றிச் சிமெண்ட் இன்னும் ஈர நிறம் மாறாமல் இருந்தது. கம்பியின் உயரம் உட்கார்ந்திருக்கும் ஆளின் கைக்குச் சரியாக இருந்தது. இதைச் செய்தவள் யாரிடமோ கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

திரும்பினால் அத்தை நின்றாள்.

"வாளி அங்கன இருக்கு, கை கழுவிக்கோ," என்றாள். பிறகு, "அவங்கட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."

கயத்தாறு வரை சொல்லாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அப்பா படுத்தபடியே முழுவதையும் கேட்டார். பிறகு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, எழுந்து உட்கார்ந்து, அத்தைக்குப் போன் போட்டார்.

"எனக்காகவாக்கா கட்டினே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

அத்தையின் குரல் எனக்கும் கேட்டது. "ஒங்களுக்குன்னு யாரு சொன்னா? எனக்கும் முட்டுவலி இருக்குலா. அடுத்த மட்டம் வாறதா இருந்தா வீட்டை அங்கனயே வச்சிட்டு வாங்க."

அப்பா சிரிக்கப் பார்த்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

கேரவனை இங்கேயே அனுப்பிவிட்டு, ஒரு கார் பிடித்துத் திரும்பிப் போகலாம் என்று நான் சொன்னேன். பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டால் அவ்வளவு தூரம் தாங்கும் என்று விளக்கினேன். அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"இப்பப் போனா, கக்கூஸ் இருக்குன்னு தெரிஞ்ச பெறகு வந்தான்னு ஆகிரும். அவளுக்காக வந்தேன்னு ஆகாது."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அப்பா மறுபடி படுக்கவில்லை. இடுப்பு வலித்திருக்கும். கோவில்பட்டி வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தார்.