காற்றாலைக்குப் பின்பக்கம்: தேனியிலிருந்து உத்தமபாளையம்

ஜூலை 14, காலை 11.15. வீரபாண்டி தாண்டிய சாலையில் நான் எண்ணிய காற்றாலைகள் ஒன்பது. நண்பன் ரஹீமுக்கு உத்தமபாளையத்தில் நிக்காஹ். அதற்காக ஒரு நாள் விடுப்பு. தேனியிலிருந்து டாக்சி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 900 ரூபாய். பஸ் போதும், எனக்குத்தான் பொறுமை கிடையாது.

தூரத்தில் வலமாகச் சுற்றிய காற்றாலை, கடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் இடமாகச் சுற்றியது.

"அண்ணே, இது மட்டும் ஏன் மாத்திச் சுத்துது?"

ஓட்டுநர் செல்லத்துரை சிரித்தார். "எஞ்சினியர்னு சொன்னாக. அது மாறல தம்பி, நாமதான் பின்பக்கம் வந்துட்டோம்."

உடனே என் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

என் வேலை அணுக்கரு இணைவு ஆய்வு. வளையக் கலத்தில் பிளாஸ்மா என்ற கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் கட்டி வைத்து, துகள் கற்றையைப் பாய்ச்சுவோம். கற்றை இரண்டு வேலை செய்யும்: பிளாஸ்மாவைச் சூடாக்கும், தள்ளிச் சுழலவும் வைக்கும். சூடு ஏற ஏற பிளாஸ்மாவில் நெளிவுகள் தலைதூக்கும். சுழற்சி வேகமாக இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். சுழற்சி நின்றால் நெளிவு ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டு வளரும். பிளாஸ்மா உடையும். அத்தனை சூடும் சுவரில் இறங்கும்.

இரண்டாவது கற்றை எந்தத் திசையில் பாய வேண்டும் என்ற கணக்கு என்னுடையது. பராமரிப்புப் பிரிவு தந்த வரைபடத்தை வைத்துப் போட்டேன். கலத்துக்கு அடியில் நின்று வேலை செய்பவர்களுக்காக வரைந்தது அது. மூலையில் 'கீழிருந்து' என்று எழுதியிருந்தது. அதைக் கவனத்தில் கொள்ளாமல் மேலிருந்து பார்த்தது என்று நினைத்துக்கொண்டேன். கீழிருந்து பார்த்தால் திசை தலைகீழ், இந்தக் காற்றாலை மாதிரி; அப்படியானால் இரண்டாவது கற்றை சுழற்சியை எதிர்த்துத் தள்ளும். சூடு ஏறும், சுழற்சி இறங்கும். முழு சக்தியில் முதல் ஷாட், அதாவது சோதனை ஓட்டம், இன்று 11.45க்கு.

போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. கட்டுப்பாட்டு அறையை மூன்று முறை அழைத்தேன், மூன்று முறையும் அறுந்தது.

"சின்னமனூர்ல டவர் நல்லாருக்கும். அங்கன போயிருவோம்" என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"பறக்கச் சொல்லாதீக. இருவது நிமிசம்."

திராட்சைப் பந்தல்கள் வந்தன. பார்க்கவில்லை. சின்னமனூரில் 11.41க்கு எதிர்முனையில் மணி அடித்தது. எடுத்தது ரேவதி, அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர்.

"நிறுத்துங்க. ரெண்டாவது கற்றை எதிர்த் திசை. தப்பு என்னோடது."

ரேவதி அறையில் யாருக்கோ உத்தரவு கொடுப்பது கேட்டது. "நிறுத்தியாச்சு. போன வாரம் பாதி சக்தில நாலு ஷாட் அடிச்சோமே, அதுவும் இதே கணக்குதானே?"

"ஆமா."

"கலத்த இன்னும் யாரும் தொறந்து பாக்கல. உள்ள செவுரு எப்படி இருக்கோ."

நிக்காஹ் 12.30க்கு முடிந்தது. பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூலையில் காற்று பலம். காற்றாலையை முன்னும் பின்னும் நின்று பாருங்கள். அவசர அழைப்பு இருந்தால் தேனியிலேயே முடித்துவிடுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை ஒன்பது மணிக்குள் பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது.
2. நான்கு ஷாட்களின் பதிவிலும் சுழற்சி எங்கே தளர்ந்தது என்று தேடுவது.
3. கலத்தைத் திறக்கும் நாளில், சுவர்மேல் முதல் விளக்கை நானே பிடிப்பது.